கணக்கில் வராத பயணிகள்

தெற்கு தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. நீளத்துக்கு, பேருந்துகளுக்கென நடுச்சாலையில் தனித்தடம் ஒன்று 2008-ம் ஆண்டு திறக்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 2016-ல், அது இடித்து அகற்றப்பட்டது. சிக்னல்களில் கார்கள் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தது என்பதே அதன் மீது சுமத்தப்பட்ட பெருங்குற்றம். குற்றச்சாட்டு பொய்யல்ல, வடிவமைப்பில் குறைகள் இருக்கத்தான் செய்தன. ஆனால், அந்தச் சாலையில் ஓடிய வாகனங்களில் மிகச் சிறு பங்கே ஆன பேருந்துகள்தாம் அவ்வழியே சென்றோரில் ஏறத்தாழ பாதிப் பேரைச் சுமந்து சென்றன என்ற உண்மை விவாதத்தில் எடுபடவே இல்லை.

தனித்தடத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை தில்லி உயர் நீதிமன்றம் 2012 அக்டோபரில் தள்ளுபடி செய்தது. வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கே சாலையில் முன்னுரிமை என்கிறது 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. கொள்கையும் இருந்தது, தீர்ப்பும் இருந்தது, தடம்தான் இல்லாமற்போனது. அதை இடித்தது, எளிய மக்களின் வாக்குகளைப் பெருமளவில் பெற்று ஆட்சிக்கு வந்த ஆம் ஆத்மி அரசு என்பதுதான் வேடிக்கை. காரில் அமர்ந்திருப்பவரின் எரிச்சல் மறுநாள் ஆங்கில நாளேடுகளில் செய்தியாகிவிடுகிறது. நிறுத்தத்தில் வெயிலில் நிற்பவரின் எரிச்சல் எங்கே பதிவாகிறது?

யார், எதில், எவ்வளவு தொலைவு வேலைக்குச் செல்கிறார்கள் என்ற விவரம் 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேகரிக்கப்பட்டது. விவசாயத்துக்கு வெளியே உழைப்போரில் நூற்றுக்கு இருபதுக்கும் மேற்பட்டோர் நடந்தே வேலைக்குச் செல்கிறார்கள். கார், ஜீப், வேனில் செல்வோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை என்று தெரியவந்தது. மேம்பாலங்களுக்கு ஒதுக்கப்படும் தொகையையும் நடைபாதைகளுக்கு ஒதுக்கப்படும் தொகையையும் மட்டும் பார்க்கும் ஒருவர், இந்த விகிதத்தைத் தலைகீழாகத்தான் ஊகிப்பார்.

அந்தக் கணக்கெடுப்பும் முழுமையானதல்ல. வேலைக்குச் செல்வோரின் பயணம் மட்டுமே அதில் இடம்பெற்றது. குழந்தையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடைக்குச் சென்று, முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வீடு திரும்பும் பெண்ணின் அன்றாட அலைச்சல் அதில் இல்லை. ஆண்களின் பயணம் பெரும்பாலும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என நேர்கோட்டில் அமைகிறது. பெண்களின் பயணமோ குறுகிய தொலைவில், பல இடங்களில் நின்று, நெரிசலற்ற நேரங்களிலும் நிகழ்கிறது. உச்ச நேர நெரிசலை மட்டும் அளந்து தீட்டப்படும் திட்டம் இவர்களைக் காணத் தவறுவதில் வியப்பில்லை.

யமுனைக் கரையில் இருந்த புஷ்தா குடிசைகள் 2004-ல் அகற்றப்பட்டபோது அங்கிருந்த குடும்பங்கள் பல ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள பவானாவுக்கு அனுப்பப்பட்டன. நடந்து சென்று வீட்டு வேலை செய்த பெண்களுக்கு வேலை இருந்தது. அங்கே போய்ச் சேர வழியில்லை. பவானா வழியாகச் செல்லும் மெட்ரோ ரயில் பாதைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது 2024 டிசம்பரில். இடையே இருபது ஆண்டுகள்! ஒரு தலைமுறையின் உழைக்கும் காலமே ஏறக்குறைய அதில் கரைந்துவிட்டது. பாதை வந்தாலும் அதில் ஏற இயலுமா என்பது வேறு கேள்வி. மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 2017-ம் ஆண்டில் மட்டும் இரு தவணைகளில் ரூ. 30-லிருந்து ரூ. 60 ஆனது.

பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2019 அக்டோபர் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இலவசம் என இதை ஏளனம் செய்தோர் உண்டு. அந்த இளஞ்சிவப்புச் சீட்டுகளால் பெண் பயணிகளைத் தனியே எண்ணுவதற்கும் ஒரு வழி பிறந்தது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. எனினும், பெண்கள் மட்டுமே நிற்கும் நிறுத்தங்களில் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தாமல் செல்கிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. சலுகை தந்தால் போதுமா, பேருந்து வேண்டாமா? தில்லியில் பேருந்துகளின் எண்ணிக்கையை 2001 ஏப்ரலுக்குள் பத்தாயிரமாக உயர்த்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1998-லேயே உத்தரவிட்டது. 2025-ம் ஆண்டிலும் அரசின் கீழ் இயங்கிய பேருந்துகள் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. ஜாதி விவரம் பற்றிப் பேசும் கட்சிகள் பயணம் பற்றிய கேள்வியில் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. வேலைக்குச் செல்வோரிடம் மட்டுமின்றி மாணவர்கள், இல்லத்தரசிகள், முதியோர் ஆகியோரிடமும் அக்கேள்வி கேட்கப்பட வேண்டும். கிடைக்கும் விவரங்கள் வார்டு வாரியாக, காலதாமதமின்றி வெளியிடப்பட வேண்டும். அடுத்த மேம்பாலத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் அவை மாநகராட்சி உறுப்பினரின் மேஜைக்கு வந்துசேர வேண்டும்.