சிவப்புத் தொப்பி வந்தது, கணக்கு வரவில்லை

ஹைதராபாத்தில் அபிட்ஸ் பக்கம் போகிறவர்களுக்குக் கன்ஃபவுண்டரி என்ற பெயர் பழக்கம். பீரங்கி வார்த்த இடம் என்பதால் வந்த பெயர். நிஜாமிடம் சேவகத்துக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி ரேமோன் 1786இல் இங்கே வார்ப்படச் சாலை போட்டார். ஊர்க்காரர்கள் அதை 'தோப் கா சாஞ்சா' என்றார்கள். 1798இல் ரேமோன் செத்துப்போனார். அதே ஆண்டு ஆங்கிலேயர் நிஜாமோடு உடன்படிக்கை செய்துகொண்டு பிரெஞ்சுப் படையைக் கலைத்தார்கள். பீரங்கிப் பட்டறையின் பெயரைத் தாங்கிய அதே பேட்டையில் 1875 கிறிஸ்துமஸ் அன்று புனித சூசையப்பர் ஆலயம் திறக்கப்பட்டது. பின்னாளில் அதன் கோபுரத்தில் இத்தாலியிலிருந்து வந்த மணிகள் ஏறின.

அது இன்று ஹைதராபாத் பேராயரின் பேராலயம். அங்கே பேராயராக இருப்பவர் பூலா அந்தோணி. கர்நூல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1961இல் பிறந்தவர். 2008இல் கர்நூல் ஆயர். 2020 நவம்பரில் ஹைதராபாத் பேராயராக அறிவிக்கப்பட்டார். 2022 ஆகஸ்ட் 27 அன்று ரோமில் கர்தினாலுக்குரிய சிவப்புத் தொப்பி வாங்கினார். தலித் சமூகத்திலிருந்து கர்தினாலான முதல் மனிதர் அவர், தெலுங்கர்களிலும் முதல்வர். 2025 மே மாதம் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்த கர்தினால்களில் இந்தியர் நான்கு பேர். அவர்களில் இவரும் ஒருவர். பத்திரிகைகள் கொண்டாடின, அதில் தவறில்லை. ஆனால் இந்தியாவின் முதல் கர்தினாலாக வலேரியன் கிராசியாஸ் அமர்ந்தது 1953இல். ஒரு தலித் அந்த இடத்துக்கு வர அதன்பின் 69 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஏன் இவ்வளவு காலம் என்பதற்கு ஹைதராபாத் மறைமாவட்டத்தின் கதையிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

கதை தொடங்குவது செகந்திராபாத் பட்டாளத்தில். ஆங்கிலேயப் படையில் அயர்லாந்துச் சிப்பாய்கள் நிறையப் பேர், கத்தோலிக்கர்கள். சென்னையிலிருந்து படையோடு வந்த தமிழர்களிலும் கத்தோலிக்கர் உண்டு. இவர்களுக்குப் பூசை வைக்க ஒரு குரு வேண்டும். சென்னை வழியாக வந்தார் அயர்லாந்துக்காரர் டேனியல் மர்பி. 1840களில் அவர் எழுப்பத் தொடங்கிய புனித மரியன்னை ஆலயம் 1850இல் முடிந்தது. 2008இல் அதற்குப் பசிலிக்கா பட்டம் கிடைத்தது. 1851இல் சென்னையிலிருந்து பிரிந்து ஹைதராபாத் தனி விகாரியேட் (மறைமாவட்டத்துக்கு முந்தைய நிலை) ஆனபோது மர்பியே அதன் முதல் தலைவர். 1860களின் நடுவில் அவரை ரோம் டாஸ்மேனியாவுக்கு அனுப்பியது. ஹோபார்ட்டில் பேராயராகி, 1907இல், தொண்ணூறு வயது தாண்டிக் காலமானார். பட்டாளம் போகும் இடமெல்லாம் குருவும் போன காலம் அது. செகந்திராபாத்தில் தமிழ்ப் பூசை இன்றும் கேட்பது அந்த நாளின் மிச்சம்தான்.

அடுத்து மிலான் நகரத்து வேதபோதகர்கள். 1870இல் பார்பெரோ, பிறகு கப்ரோட்டி, விகானோ, விஸ்மாரா என்று எண்பது ஆண்டுக்கு இத்தாலியப் பெயர்களே வரிசையாக வருகின்றன. 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இந்தியாவுக்கு ஆயர் அமைப்பை உருவாக்கியபோது ஹைதராபாத் முறைப்படி மறைமாவட்டம் ஆனது. விஸ்மாரா மட்டும் 1909 முதல் 1948 வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டு. அவர் விலகிய ஆண்டில்தான் நிஜாம் ஆட்சியும் முடிந்தது. கடைசி இத்தாலியரான பெரெத்தா 1953இல் வாரங்கலுக்கு மாறி, 1985 வரை அங்கே ஆயராக இருந்தார்.

நகரத்தில் இந்த அயல்நாட்டுக் குருக்கள் விட்டுப்போன பெயர், பள்ளிக்கூடம். 1855இல் தொடங்கிய ஆல் செயின்ட்ஸ் பள்ளி கன்ஃபவுண்டரியில்தான் இருக்கிறது. அசாருதீன் படித்த பள்ளி என்றால் கிரிக்கெட் ரசிகர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

ஆனால் மறைமாவட்டத்தின் ஜனம் நகரத்தில் இல்லை. கிருஷ்ணா, கோதாவரிக் கரைகளிலும் தெலங்கானா மேட்டு நிலத்திலும் மாலப்பள்ளி, மாதிகப்பள்ளி என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளில்தான் சபை பெருகியது. நம் ஊர்ச் சேரிக்கு அங்கே அந்தப் பெயர்கள். குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் குடியிருப்பு முழுதுமாக, ஞானஸ்நானம் வாங்கினார்கள். பக்கத்தில் ஆங்கிலிகன் சபைக்கும் இதே கதை. 1912இல் தோர்ணக்கல் ஆயராகி, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிகன் ஆயர் என்ற பெயர் பெற்றவர் நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேதநாயகம் அசரியா. நிஜாம் மண்ணின் தலித் கிராமங்களில் 1945இல் சாகும்வரை உழைத்தார்.

கத்தோலிக்கத்தில் இதற்கு முன்பே இன்னொரு அடுக்கு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடக மிஷனில் இயேசு சபையினர் சேர்த்த ரெட்டி, கம்மா குடும்பங்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் நிலம் இருந்தது, எழுத்து இருந்தது, மகனைக் குருமடத்துக்கு அனுப்பும் வசதி இருந்தது. சேரிக் கிராமத்துக்குக் கிடைத்தது ஓராசிரியர் பள்ளியும் ஓர் உபதேசியாரும். எனவே சபையில் ஜனம் ஒரு பக்கம் பெருக, குருக்கள் இன்னொரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். யாரும் சட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை. லத்தீன் படிக்க யாருக்கு வாய்ப்பு இருந்தது என்பதே தீர்மானித்துவிட்டது.

1953இல் ஹைதராபாத் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. ஜோசப் மார்க் கோப்பு அதன் முதல் பேராயர். அவருக்குப் பின் 1971இல் சாமினேனி அருளப்பா. (சென்னை மயிலைப் பேராயராக இருந்த இரா. அருளப்பா வேறு, இருவரையும் குழப்பிக்கொள்ளும் வாசகர்கள் உண்டு.) ஹைதராபாத் அருளப்பா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் பிறந்தவர். முன்னொரு காலத்தில் ஆந்திரத்திலிருந்து குடிபெயர்ந்த தெலுங்குக் கத்தோலிக்கர்களின் ஊர் அது. தமிழ்ப் பெயர், தெலுங்குக் குடும்பப் பெயர், இரண்டையும் சுமந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு இருந்தார்.

2000 ஜனவரியில் ரோம் அறிவித்த பெயர் மாரம்புடி ஜோஜி. கம்மத்திலும் விஜயவாடாவிலும் ஆயராக இருந்தவர், இந்தியாவில் தலித் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. பதவி விட்டுப்போன அருளப்பா அந்த நியமனத்தை வெளிப்படையாகவே குறை சொன்னார். களநிலவரம் ரோமுக்குத் தெரியவில்லை என்பது அவர் வாதம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். சாதியைப் பற்றிப் பேசுவதே நாகரிகமில்லை என்று நினைக்கும் சபையில், ஒரு தலித் வரும்போது மட்டும் எல்லோருக்கும் களநிலவரம் ஞாபகம் வந்துவிடுகிறது. அப்படியானால், ஜனத்தில் பெரும்பகுதிக்கு வெளியிலிருந்தே தலைமை வந்த அந்த நூற்றைம்பது ஆண்டும் களநிலவரம்தானே? ஜோஜி 2010 ஆகஸ்டில், பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்து தும்மா பாலா, பிறகு பூலா.

இதற்கிடையே, ஹைதராபாத் உயர்மறைமாவட்டத்தின் கீழ் வரும் கடப்பாவில் 2016 ஏப்ரலில் ஆயர் பிரசாத் கல்லேலாவைக் காரோடு கடத்தி அடித்தார்கள். கைதானவர்களில் குருக்களும் இருந்தார்கள். சாதிப் பகையும் பணமும் காரணங்களாகப் பேசப்பட்டன. 2022இல் புதுச்சேரி-கடலூருக்குப் பிரான்சிஸ் கலிஸ்ட் பேராயரானபோது, இம்முறையும் தலித் இல்லையா என்று தலித் கத்தோலிக்கர்கள் கறுப்புக்கொடி எடுத்தார்கள். பூலாவுக்குச் சிவப்புத் தொப்பி அறிவிப்பு வந்தது அதற்கு அடுத்த மாதம். இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துப் படித்தவர்களுக்குச் சபையின் நிலை புரிந்திருக்கும்.

கோளாறு ஒரு தனிமனிதரிடம் இல்லை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது. ஓர் ஆயர் இடம் காலியானால் டெல்லியில் இருக்கும் திருத்தந்தையின் தூதர் சிலரிடம் இரகசியமாகக் கருத்துக் கேட்பார். மூன்று பெயர் கொண்ட பட்டியல் ரோமுக்குப் போகும். யாரிடம் கேட்டார், என்ன சொன்னார்கள், யாருக்கும் தெரியாது. பங்குமக்கள் பெயரை அறிவதே மணி அடித்த பிறகுதான். ஆயரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கருத்துக் கேட்கப்படுபவர்களில் மாலப்பள்ளி உபதேசியார் ஒருவராவது உண்டா என்று கேட்கலாம் அல்லவா?

இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கு ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அது சொல்கிறது. தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் பங்கு மிகக் குறைவு என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆனால், ஒப்புக்கொண்டால் கணக்குக் காட்ட வேண்டும். ராமந்தாபூரில் 1965 முதல் நடக்கும் புனித யோவான் குருமடத்தில் இப்போது படிப்பவர்களில் தலித் மாணவர் எத்தனை பேர்? நகரத்து ஆங்கிலப் பள்ளிகளில் கிராமப் பங்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு எத்தனை இடம்? ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர், மருத்துவமனையில் நிர்வாகி, பொருளாளர் பதவி, இவையெல்லாம் யாரிடம்? ஆண்டுக்கு ஒருமுறை பங்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். காணிக்கைக் கணக்கை வாசிக்கிற பழக்கம் பல பங்குகளில் இருக்கிறதே, அதே மூச்சில் இதையும் வாசிக்கலாம்.

அரசிடம் நியாயம் கேட்கும் குரலுக்கும் அப்போதுதான் வலு வரும். 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டும் பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவத் தலித் வெளியே நிற்கிறார். தெலங்கானாவிலும் ஆந்திராவிலும் அவருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோரில் 'சி' பிரிவு, ஒரே ஒரு சதவீத இடஒதுக்கீடு. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொல்லிக் கிட்டத்தட்ட இருபது ஆண்டு ஆகிறது. சபை ஒவ்வொரு ஆண்டும் இதற்காகக் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறது. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்கிறீர்களே, பிறகு சலுகை எதற்கு என்று எதிர்த் தரப்பு கேட்கிறது. சாதி இருக்கிறது, எங்கள் வீட்டிலும் இருக்கிறது, இதோ கணக்கு என்று எடுத்து வைக்க, அந்தக் கொள்கை ஆவணத்தைத் தாண்டிச் சபையிடம் என்ன இருக்கிறது?

திருச்சபைச் சட்டப்படி 75 வயது நிறைந்தால் ஆயர் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். பூலா அந்தோணிக்கு அந்த வயது நிறைவது 2036 நவம்பர் 15இல். அதற்குள் ஹைதராபாத்தில் இந்தக் கணக்கு ஒரு முறையேனும் வாசிக்கப்பட்டால், அவருக்குப் பின் வரப்போகிறவரின் பெயரைக் கேட்டு யாரும் கொடி எடுக்க வேண்டியிருக்காது.