நம்பர் மேட்ச் ஆகணுமா?

அமெரிக்காவுல பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கிறவங்க ரஷ்யாவோட மோசின்-நாகன் ரைஃபிள் வாங்கப் போனா, முதல்ல கேக்குறது இதுதான்: “எல்லா நம்பரும் மேட்ச் ஆகுதா?” பேரல், போல்ட், மேகசின் மூடி, பட் பிளேட் நாலுலயும் ஒரே சீரியல் நம்பர்னா விலை ஏறும். எனக்கு இதுல பாதிதான் உடன்பாடு.

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் சோவியத் ஆலைகள்ல இந்த ரைஃபிள்களைப் பிரிச்சு, பாகங்களைக் கலந்து, திரும்பப் பூட்டினாங்க. பழைய நம்பரை அழிச்சோ அடிச்சோ புதுசு குத்தினாங்க. கட்டைக்கு பளபளன்னு ஷெல்லாக். அப்போ அந்த ‘மேட்ச்’ எங்க வந்துச்சு?

போல்ட் மட்டும் வேற கதை. ஹெட்ஸ்பேஸ் அதிகமா இருந்தா தோட்டா உறை கிழிஞ்சு, சூடான வாயு சுடுறவர் முகத்துக்கே வரலாம். அதையும் நம்பர் சொல்லாது. கேஜ் வச்சுத்தான் பாக்கணும். (மெக்கானிக்கல் பசங்களுக்கு டாலரன்ஸ் பத்தி நான் சொல்லணுமா?)

ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்னா என் ஓட்டு ஃபின்லாந்தின் எம்39-க்கு. ஜார் காலத்து ரஷ்ய ரிசீவர்ல சாக்கோ மாதிரி ஃபின்லாந்து கம்பெனிகளோட பேரலைப் பூட்டினது. பேரல்ல 1942-னு இருக்கும், ரிசீவர் வால்ல 1890-கள்ல ஒரு வருஷம் இருக்கலாம். ஆனா அது கட்டைக்குள்ள மறைஞ்சிருக்கும். கழட்டிப் பாக்க விக்கிறவர்கிட்ட முதல்லயே கேட்டுடணும்.