பாட்டே இல்லாத ராக் இசை. வெளிநாட்டில் முதலிடம்: மெக்சிகோ இருவர் ஜெயித்தது எப்படி?

சொந்த ஊரில் எடுபடாத கலைஞர்களை வெளிநாடு கொண்டாடினால், 'எல்லாம் அதிர்ஷ்டம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம் இல்லையா? ரோட்ரிகோ சான்செஸ், கேப்ரியேலா கின்டெரோ கதையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்த்தால் வேறு காரணங்களும் தெரியும்.

யார் இவர்கள்?

மெக்சிகோ நகரில் 'டியரா ஆசிடா' என்ற மெட்டல் இசைக்குழுவில் வாசித்தவர்கள். அதில் பெரிய வாய்ப்பு எதுவும் அமையவில்லை. 1999-ல் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்குப் போனார்கள். கையில் பெரிதாகப் பணம் இல்லை, ஆங்கிலமும் சரியாக வராது.

டப்ளினில் என்ன கிடைத்தது?

ஒரு தெரு. கிராஃப்டன் தெருவில் கலைஞர்கள் நின்று வாசிப்பது சகஜம். பிடிச்சா நின்னு கேட்பாங்க, காசு போடுவாங்க. பிடிக்கலைன்னா நடையைக் கட்டிடுவாங்க. ரசிகர்களின் தீர்ப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். பிறகு பாடகர் டேமியன் ரைஸ் தன் நிகழ்ச்சிகளில் இவர்களுக்கு மேடை கொடுத்தார்.

அப்படி என்ன புதுசு?

வேகம் மெட்டல் இசையுடையது. கருவியோ நைலான் கம்பி கிடார். ரோட்ரிகோ மெட்டை வாசிக்க, கேப்ரியேலா கிடாரின் மரப்பெட்டியைத் தட்டியே தாளம் எழுப்புவார். கடம் வாசிப்பதைப் பார்த்திருந்தால் உங்களுக்குச் சட்டென்று புரியும். பாடல் வரிகள் கிடையாது. அதனால் மொழியும் தடையாகவில்லை.

2006-ல் இவர்கள் பெயரிலேயே வந்த ஆல்பம், ஆர்க்டிக் மங்கீஸ் குழுவையும் ஜானி கேஷையும் முந்தி அயர்லாந்து தரவரிசையில் முதலிடம் பிடித்தது. 2010-ல் வெள்ளை மாளிகையில் வாசித்தார்கள். 2020-ல் கிராமி விருது கிடைத்தது.

இந்தியாவுக்கு இதில் என்ன பாடம்?

2025 பிப்ரவரியில் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் எட் ஷீரன் பாடிக்கொண்டிருந்தபோது, போலீஸ்காரர் ஒருவர் மைக் இணைப்பைத் துண்டித்தது நினைவிருக்கலாம். அனுமதி இல்லை என்றது காவல்துறை. இருந்தது என்றார் ஷீரன். உலகமே அறிந்தவருக்கே இந்தக் குழப்பம் என்றால், பெயர் தெரியாத நம்ம ஊர்க் குழு யாரிடம் போய்க் கேட்கும்?

டப்ளினிலும் இப்போது மாநகராட்சியிடம் கட்டணம் கட்டி அனுமதிச்சீட்டு வாங்கித்தான் வாசிக்க வேண்டும். ஆனால் எங்கே போய், எதை வாங்க வேண்டும் என்பது கலைஞருக்குத் தெரியும். அந்தத் தெளிவு இங்கேயும் வந்தால், சினிமா வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஒரு குழு நாளைக்கே தெருமுனையில் தன் முதல் ரசிகரைத் தேடலாம். அதற்காக ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை.