நட்ட செய்தியும் பட்ட செய்தியும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். இக்காலத்தில் எத்தனை மரநடுகை விழாக்களுக்குச் சென்றிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பிரதம அதிதி கன்றை நடுவார், பூவாளியால் நீர் ஊற்றுவார், படம் எடுக்கப்படும், மறுநாள் அது பத்திரிகையில் வெளிவரும். நட்ட செய்தியை நூறு தடவையேனும் எழுதியிருப்பேன். பட்ட செய்தியை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

சென்ற ஆண்டு வேறு அலுவலாக ஒரு பாடசாலைக்குச் சென்றிருந்தேன். முந்திய மாரியில் அங்கு நடைபெற்ற மரநடுகை பற்றி எழுதியவன் நானே. மதிலோரம் வரிசையாகக் காய்ந்த குச்சிகள் நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். எதிர்ப்பின்றிக் கையோடு வந்தது. அதன் அடியில் கறுப்புப் பொலித்தீன் பை கழற்றப்படாமல் அப்படியே இருந்தது. பையின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றி வேர்கள் பாய் பின்னியதுபோல் இறுகிக் கிடந்தன. நிலத்தில் நடப்பட்டும் அந்தக் கன்று நிலத்தைத் தொடாமலே மடிந்திருந்தது.

இதற்கு வறட்சியைக் குறை கூறுவது இலகு. ஆனால் குற்றம் நம்முடைய கைகளில் இருக்கிறது. நாற்றை இடம் மாற்றுவது ஒரு கலை. நம் தோட்டக்காரருக்கு நன்கு கைவந்த கலை. அதை நமது விழாக்கள் மறந்துவிட்டன.

எங்கள் தாயார் மிளகாய், கத்தரி நாற்றுகளை அடியில் துளையிட்ட பழைய வாளிகளிலும் சிரட்டைகளிலும் வளர்த்தெடுப்பார். துளை இல்லாத பாத்திரத்தில் நீர் தேங்கும். தேங்கினால் நாற்றழுகல் நோய் வந்து, முளைத்த பயிர் தண்டடியில் கருகி ஒரே இரவில் சாய்ந்துவிடும். விதையை ஆழப் புதைக்கமாட்டார். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் மண் போடக்கூடாது என்பதை விரல் நகத்தால் அளந்து காட்டுவார். நான்கைந்து கிழமைகளில் நாற்று நடுகைக்கு ஆயத்தமாகிவிடும். ஆனால் உடனே நடமாட்டார். ஒரு கிழமைக்கு மேலாக நாற்றுகளை நாளுக்கு நாள் சற்று அதிக நேரம் வெயிலில் வைப்பார், நீரையும் குறைப்பார். நிழலிலே வளர்ந்த பிள்ளை வெயிலைப் பழக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம்.

நடுகை நாளிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் நாற்றுகளுக்கு நீர் விடுவார். வெயில் தாழ்ந்த பின் மண்ணோடு சேர்த்து எடுப்பார். தண்டைப் பிடிக்க விடமாட்டார். இலையைத்தான் பிடிக்க வேண்டும். இலை ஒன்று போனால் இன்னொன்று துளிர்க்கும். தண்டு நசுங்கினால் நாற்று இல்லை. மண் உதிராமல் எடுப்பதற்கும் காரணம் உண்டு. நீரை உறிஞ்சுவன கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர்கள் அல்ல; அவற்றின் நுனிகளிலுள்ள நுண்ணிய வேர்மயிர்களே. மண் உதிர்ந்தால் அவையும் அறுந்துவிடும். வேர் நீரை எடுக்க இயலாதபோதும் இலை நீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நட்ட சில நாள்களுக்கு நிழல் வேண்டும். அம்மா கிடுகுத் துண்டுகளைச் சரித்து நட்டு நிழல் கொடுப்பார்.

எல்லாப் பயிரும் இடமாற்றத்தைத் தாங்குவதில்லை என்பதும் அறிய வேண்டியது. கரட்டையும் முள்ளங்கியையும் நிலத்திலேயே விதைப்பது நல்லது. பூசணி, பாகல் முதலிய கொடிகள் வேர் கலைந்தால் சுணங்கும். பனையோ இலை காட்டுமுன்பே நிலத்துள் ஆழ இறங்கிவிடும். ஆகவே விதையை நடுவதே வழி.

2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. அது ஜூன் மாதம். சோளகம் வீசி மண் காயும் அப்பருவத்தில் எங்கள் ஒழுங்கையிலும் நாற்றுகள் பங்கிடப்பட்டன. நானும் இருபது மிளகாய் நாற்றுகள் பெற்று, அவசரத்தில் நண்பகலிலேயே நட்டேன். இரண்டு மட்டுமே பிழைத்தன. அம்மா சொன்னவற்றை நினைவில் வைத்திருந்தேன், செய்யவில்லை. ஆகவே மற்றவரை மட்டும் சாடும் தகுதி எனக்கில்லை.

விழாக்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வட மாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகை மரநடுகை மாதமாகக் கொள்ளப்பட்டது. வடகீழ் பருவமழையோடு பொருந்தும் நல்ல தெரிவு அது. ஆயினும் அம்மழை மார்கழியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மாசி தொடக்கம் அடுத்த ஐப்பசி வரை கன்றுக்கு நீர் ஊற்றுபவர் யார்? ஆடு கடிக்காமல் வேலி கட்டுபவர் யார்? பெயர்ப்பலகைக்குச் செலவிடுவோர் இந்த எட்டு மாதங்களுக்கும் செலவிட வேண்டாமா? ஆயிரம் கன்றுகளை நட்டுக் கைவிடுவதினும் நூறு கன்றுகளை நட்டுக் காப்பது மேல். நடும்போது பையைக் கிழித்து அகற்றுவதும் சுருண்ட வேர்களை மெல்லப் பிரித்துவிடுவதும் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை விழா நிகழ்ச்சிநிரலில் சேர்க்கலாமே.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது புதிதன்று. ரொறன்ரோவில் பங்குனியில் யன்னலோரம் மிளகாய் விதை போட்டு, உறைபனி விலகும்வரை காத்திருந்து, வைகாசி இறுதியில் வெளியே நடுவோர் உங்களுள் பலர். ஒரு நாற்றுக்கு எத்தனை நாள் பொறுமை வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஊரின் மரநடுகைக்குப் பணம் அனுப்புவோரும் நீங்களே. அனுப்புங்கள். ஆனால் நடுகை நாளின் படத்தை மட்டும் பெற்றுத் திருப்தியடையாதீர்கள். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே கன்றின் படத்தைக் கேளுங்கள். கேட்பார் இருந்தால் நீர் ஊற்றுவாரும் இருப்பர்.

நானும் ஒன்றைத் தீர்மானித்திருக்கிறேன். இனி மரநடுகை விழா ஒன்றைப் பற்றி எழுதினால் என் குறிப்பேட்டில் அத்திகதியைக் குறித்துக்கொள்வேன். ஓராண்டின் பின் அங்கு சென்று எண்ணிப் பார்த்து, நின்றவை எத்தனை, பட்டவை எத்தனை என்று இங்கே எழுதுவேன். முதலாவது திகதி, வருகின்ற கார்த்திகையில்.