ஹோம் மேடா? யார் வீட்ல?

கோவில்பட்டிக்காரன் நான். பேங்க் மாற்றல்ல நஞ்சன்கூடு வந்து மூணு வருஷமாச்சு. மைசூர்-ஊட்டி ரோடு இந்த ஊர் வழியாத்தான் போகுது. ஊட்டி போய்ட்டுத் திரும்பற சொந்தபந்தம் எல்லாம் நம்ம வீட்ல காபி குடிச்சிட்டு, கையில ஒரு டப்பாவைத் திணிச்சிட்டுப் போகும். மேல 'ஹோம் மேட் சாக்லேட்'னு எழுதியிருக்கும். எந்த வீட்டு அடுப்புல செஞ்சதுன்னு யாரும் கேக்கறதில்ல.

ஊட்டிக் குளிருக்குக் கோகோ விளையாது. அது போகட்டும். நமக்கு வந்த டப்பாக்கள்ல முக்கால்வாசி 'காம்பவுண்ட்'. ஃபாக்டரில வார்த்த பாளத்தை உருக்கி, முந்திரி போட்டு, அச்சுல ஊத்தி, கலர் பேப்பர் சுத்தினது. கோகோ வெண்ணெய்க்குப் பதிலா பாமாயில் வகைக் கொழுப்பு. சந்தேகமா? வாயில போட்டுப் பாருங்க. கோகோ வெண்ணெய் 34 டிகிரி கிட்டயே உருகிடும், நம்ம உடம்புச் சூடு 37. காம்பவுண்ட் மேலண்ணத்துல மெழுகா ஒட்டிக்கும்.

காம்பவுண்ட் விஷம் இல்லீங்க. ஊட்டிலயும் நிஜ சாக்லேட் செய்றவங்க இருக்காங்க. என் சண்டை 'ஹோம் மேட்'ங்கற அந்த ரெண்டு வார்த்தையோடதான்.

ஏன்னா நிஜமாவே வீட்ல செய்ற ஒரு அம்மா எங்க கிளைக்கு வந்தாங்க. முத்ரா சிசு கடன், 50,000 வரைக்கும். சர்க்கரையைப் பொன்னிறமா உருக்கி, வெண்ணெயும் கிரீமும் ஊத்தி, 120 டிகிரி வர்ற வரைக்கும் கிண்டி, வறுத்த கடலை சேர்த்துக் கேரமல் போடறாங்க. தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது. ஒரு சொட்டைத் தண்ணில விட்டு உருட்டிப் பாக்கறதுதான் (எங்கம்மா கடலை மிட்டாய்க்குப் பாகு பாத்த அதே வித்தை. அதுக்கு மட்டும் உருளக் கூடாது, டக்குனு உடையணும்). மேல பூசறது நிஜ சாக்லேட். 45 டிகிரில உருக்கி, 28-க்கு ஆற வெச்சு, திரும்ப 31-க்கு ஏத்தணும். தப்பினா வெள்ளை பூத்துடும். மைசூர் வெயில்ல இதைச் செய்ய விடிகாலை நாலு மணிக்கு எழுந்திரிக்கணும். காம்பவுண்டுக்கு இந்தப் பாடே இல்ல.

நான் பி.காம். அடக்க விலைக் கணக்கு பாக்காம இருக்க முடியாது. 2024-ல கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டிச்சு. அந்தம்மா தாளை நீட்டி, "ஊட்டில இதை விடக் கம்மியா ஹோம் மேட் கிடைக்குதேன்னு கேக்கறாங்க சார், என்ன பதில் சொல்றது?"ன்னாங்க. கடன் குடுத்துட்டேன். பதில் குடுக்க முடியல.

எங்க ஊர் கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. இந்த ஊர் ரசபாளே வாழைக்கும் இருக்கு. வேற வாழைக்கு அந்தப் பேரை வெச்சு வித்தா சட்டப்படி கேக்கலாம். 'வீடு'ங்கற பேரை மட்டும் யாரும் தட்டிக் கேக்கறதில்ல. எவன் வேணா ஒட்டிக்கறான்.

போன ஞாயிறு மச்சினன் ஊட்டிலேர்ந்து வந்தான். டப்பாவை நீட்டினான். "பாளம் எந்தக் கம்பெனின்னு விசாரிச்சியா மாப்ளே?"ன்னேன். வீட்டுக்காரம்மா முறைச்ச முறைப்புல எனக்குக் காபி வரவே இல்ல :-)