அரைச்சேக்கலும் முதியோரின் உயிரும்



லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தை வாசிக்கையில் மனம் சற்று நெருடும். பொருத்தனை பண்ணப்பட்டவருக்கு அங்கே மதிப்புக் குறிக்கப்படுகிறது: இருபது முதல் அறுபது வயதுவரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல்; அறுபதைக் கடந்தவனுக்கு 15 மாத்திரமே. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் டேனரிகளில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு இக்கணக்குப் புதிதன்று. சுண்ணாம்புத் தொட்டியருகே நின்ற கால்கள் தளர்ந்ததும் கூலியும் தளர்ந்துவிடுகிறது.

ஆயினும் அது உழைப்பின் விலை. உயிருக்கான மீட்புப்பணத்தை யாத்திராகமம் 30ஆம் அதிகாரம் விதிக்கும்போது, எண்ணப்பட்டவர்களில் இருபது வயதுக்கு மேற்பட்ட எவனுக்கும் அரைச்சேக்கல்தான். ஐசுவரியவானுக்கு அதிகமில்லை, தரித்திரனுக்குக் குறைவில்லை. முதியவனுக்குத் தள்ளுபடியும் இல்லை. நம் சுகாதாரக் கொள்கைகள் இவ்விரு கணக்குகளையும் குழப்பிக்கொள்கின்றன என்பதே என் வருத்தம்.

2021 மார்ச் 1 முதல் அறுபது வயதினருக்குக் கொரோனா தடுப்பூசி முந்திக் கிடைத்தது நியாயமே. ஆபத்து அவர்களுக்கே அதிகம். அது தேவைக்குத் தந்த முதலிடம். அதே ஆண்டு ஜூன் 1 அன்று, கருப்புப் பூஞ்சை நோய்க்கான ஆம்போடெரிசின் மருந்து தட்டுப்பட்டபோது, எல்லாரையும் காக்க இயலாவிடில் இளையோருக்கு முன்னுரிமை தரவேண்டும் என டெல்லி உயர்நீதிமன்றம் கூறியது. முதியோர் தங்கள் வாழ்வை வாழ்ந்துவிட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அத்தகைய நெருக்கடியில் தெரிந்தெடுப்பது எவ்வளவு கொடியது என்பதை மறுக்கவில்லை. பிழைக்கும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என மருத்துவர் பார்ப்பது வேறு; தேசத்துக்கு இனி யாரால் பயன் எனப் பார்ப்பது வேறு. பின்னது 15 சேக்கல் கணக்கு.

நெருக்கடி நீங்கியும் அக்கணக்கு நீங்கவில்லை. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021இல் தமிழகக் குழந்தைகளுக்கு இலவசமாயிற்று; ஸ்தோத்திரம். அதே நிமோனியா முதியோரையும் கொல்கிறது. ஆனால் தேசியத் தடுப்பூசித் திட்டம் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் நோக்கியே அமைந்தது. பல்லாண்டு தோல் தூசியைச் சுவாசித்து இளைப்பு கண்ட தாத்தா பணம் கொடுத்துத்தான் அவ்வூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். எழுபது கடந்தோர் யாவருக்கும் 2024இல் மத்திய அரசு அறிவித்த காப்பீடு, மருத்துவமனையில் படுத்தபின் உதவுவது. படுக்காமல் காப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு காரியம் நம் கையில் உண்டு. ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து வயதுமூப்பால் ஓய்வுபெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தமக்கும் துணைக்கும் வைத்தியம் பெறலாம். (அட்டையே இல்லாமல் தினக்கூலியாய் உழைத்தவர்களுக்கோ அதுவுமில்லை.) பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை வீட்டிலிருந்தால் ஞாயிறு ஆராதனைக்கு எடுத்துவாருங்கள். விண்ணப்பம் எழுதித்தர வாலிபர் சங்கத்தார் இருப்பார்கள்.