டூப்ளிகேட் வேணாம் மக்களே, எக்ஸ்டெண்ட் போடுங்க

ஒரு சின்ன கேள்வி மக்களே. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் பண்ணும்போது, கைடு கரெக்‌ஷன் போட்டு அனுப்பின பிடிஎஃப்பை எதில் திறந்து வெச்சிருப்பீங்க? போன்லதானே? லேப்டாப் கீபோர்டு மேல போனைச் சாய்ச்சு, ரெண்டு விரலால ஜூம் பண்ணி, ஒரு வரி படிச்சு, நாலு வார்த்தை அடிச்சு, அதுக்குள்ள போன் ஸ்க்ரீன் அணைஞ்சு, மறுபடி விரல் வெச்சுத் திறந்து... இதை நாம யாரும் ஒரு பிரச்சினைன்னு சொல்லிக்கறது கூட இல்லை. ரிப்போர்ட் எழுதுறதுன்னா அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டோம்.

ஆக, ரெண்டாவது ஸ்க்ரீன் தேவையா இல்லையான்னு நான் உங்ககிட்ட வாதாட வேண்டியதே இல்லை. தேவைன்னு நீங்களே முடிவு பண்ணி, 6 இன்ச்ல ஒண்ணு வெச்சு ஓட்டிட்டு இருக்கீங்க. நான் சொல்ல வர்றது வேற. நம்ம லேப்ல சாயங்காலம் பூட்டுப் போட்ட பிறகு வரிசை வரிசையா மானிட்டர்கள் இருட்டில் சும்மா நிற்குது. அதே நேரத்தில் ஹாஸ்டல்லயும் லைப்ரரியிலயும் நாம 14 இன்ச் லேப்டாப்பை முறைச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். இந்த ரெண்டுக்கும் நடுவில் குறையுறது ஒரு கேபிள், அப்புறம் ஒரு அனுமதி. அந்த அனுமதியைக் காலேஜ் தரணும்.

சும்மா ஆசைக்குச் சொல்லலை, அளந்து பாருங்க. 14 இன்ச் லேப்டாப்போட திரை ஏறத்தாழ 31 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரம். ஒரு ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். திரையை ரெண்டா பிரிச்சா பாதிக்கு 15 செ.மீ. சொச்சம்தான் தேறும். அதாவது "ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் போட்டுக்கோயேன்"னு சொல்றவங்க, ஏ4 தாளை முக்கால் அளவுக்குச் சுருக்கி, அதிலும் மேல் பாதியை மட்டும் படிக்கச் சொல்றாங்க. 21.5 இன்ச் மானிட்டர்னா அகலம் 47 செ.மீ.க்கு மேல. ரெண்டு ஏ4 பக்கம் பக்கமா, அசல் அகலத்திலேயே உட்காரும். அதே மானிட்டரை நெட்டுக்குத்தா திருப்பி வெச்சா ஒரு முழுப் பக்கம் தலை முதல் கால் வரை தெரியும். கோடு எழுதுறவங்க ஒரு தடவை அப்படித் திருப்பி வெச்சுப் பாருங்க. அப்புறம் பழையபடி படுக்க வைக்க மாட்டீங்க.

"ஆல்ட்-டேப் எதுக்கு இருக்கு?"ன்னு கேட்கிற ஒரு கூட்டம் இருக்கு. அவங்களுக்கு நான் நம்ம ஊரையே காட்டுவேன். ரெண்டாவது வருஷ லீவில துறைமுகத்தை நம்பி நடக்கிற ஒரு சிஎச்ஏ ஆபீஸ்ல (கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஆபீஸ்) ஒரு மாசம் கூடமாட வேலை பார்த்தேன். கரூர்ல இருந்து பெட்ஷீட், நம்ம பக்கத்து காய்ந்த பூ, உப்பு, மீன்னு எது கப்பல் ஏறினாலும் அதுக்கு ஒரு ஷிப்பிங் பில் போடணும். எக்ஸ்போர்ட்டரோட இன்வாய்ஸைப் பார்த்து கம்ப்யூட்டர்ல ஏத்தணும். 8 இலக்க எச்எஸ் கோடு, 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர், கன்டெய்னர் நம்பர் 4 எழுத்தும் 7 எண்ணும். அந்த ஆபீஸ் ஏசி சரியா ஓடாது, நாற்காலி ஆடும், டீ ஆறித்தான் வரும். ஆனா ஒவ்வொரு டேபிள்லயும் ரெண்டு மானிட்டர் இருக்கும். இடது பக்கம் இன்வாய்ஸ், வலது பக்கம் என்ட்ரி. ஏன்னு கேட்டதுக்கு அங்கே இருந்த அண்ணாச்சி சொன்னது: "ஒண்ணுல பாத்து இன்னொண்ணுல அடிக்கணும் தம்பி. மனசுல தூக்கிட்டு வந்தா வழியில கொட்டிரும்."

எனக்குத் தெரிஞ்சு ஆல்ட்-டேப்புக்கு எதிரா இதைவிட நல்ல வாதம் கிடையாது. ஒரு ஜன்னல்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவுற அந்த அரை நொடியில நம்பர் உங்க தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு. கன்டெய்னர் நம்பராவது பரவாயில்லை, கடைசி எண் செக் டிஜிட். முன்னாடி உள்ள பத்தையும் கணக்குப் போட்டு, 11-ஆல வகுத்து வர்ற மீதியில இருந்து பிறக்கிற எண் அது. ஒரு எழுத்து மாறினாலும் பெரும்பாலும் காட்டிக் கொடுத்திரும். (சிஎஸ்இ ஜூனியர்ஸ், இது நல்ல குட்டி ப்ரோக்ராம், ஒரு நாள் எழுதிப் பாருங்க.) உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இருக்கிற ஸ்ட்ரெஸ் வேல்யூவுக்கு எந்த செக் டிஜிட்டும் இல்லை. சாஃப்ட்வேர்ல 214 வந்து, வேர்டு டேபிள்ல 241-ன்னு ஏறினா அது அப்படியே பைண்டிங் ஆகி, வைவாவில எக்ஸ்டர்னல் கையில்தான் போய் மாட்டும்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். மானிட்டரையோ ப்ரொஜெக்டரையோ செருகினதும் பல லேப்டாப்ல முதல்ல வர்றது டூப்ளிகேட். அதாவது லேப்டாப்ல என்ன தெரியுதோ அதே அங்கேயும். நாமளும் "ஆ, வந்திருச்சு"ன்னு விட்டுடறோம். முத்துநகர்க்காரங்க நாம, டூப்ளிகேட்னா என்னன்னு நமக்குத் தெரியாதா? திருச்செந்தூர் கோயில் வாசல் கடையில தொங்குற பிளாஸ்டிக் முத்துமாலை மாதிரிதான் இதுவும். ரெண்டு ஸ்க்ரீன் இருக்கிற மாதிரி இருக்கும், ஆனா இருக்கிறது ஒண்ணுதான்.

விண்டோஸ் கீயைப் பிடிச்சுக்கிட்டு பி அமுக்குங்க. நாலு ஆப்ஷன் வரும், அதில் எக்ஸ்டெண்ட். அவ்வளவுதான். இந்த ஷார்ட்கட் 2009-ல விண்டோஸ் 7 கூடவே வந்தாச்சு. ஒரு டெஸ்க்டாப்பை ரெண்டு மானிட்டருக்கு நீட்டுற வசதியோ விண்டோஸ் 98-லயே இருக்கு. நம்மில் பலர் பிறக்கறதுக்கு முன்னாடி வந்த விஷயம். உபுண்டு வெச்சிருக்கிறவங்களுக்கு செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ் உள்ள போனா மிரர், ஜாயின்னு ரெண்டு இருக்கும். ஜாயின் எடுங்க.

அப்புறம் பலர் கோட்டை விடுற இடம் ஒண்ணு உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1, 2-ன்னு ரெண்டு பெட்டி தெரியும். மேஜையில மானிட்டர் எந்தப் பக்கம் இருக்கோ அதே பக்கத்துக்கு அந்தப் பெட்டியை இழுத்து வைக்கணும். இதைச் செய்யாம, மவுஸ் வலது ஓரத்தில் முட்டிக்கிட்டு நிற்குது, இடது பக்கம் போனா அங்கே தெரியுதுன்னு புலம்பறதில் அர்த்தம் இல்லை. ஏதாவது ஜன்னல் காணாமப் போனா விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூணையும் சேர்த்து அமுக்குங்க, அந்தத் திரையில இருந்து இந்தத் திரைக்குத் தாவி வந்திரும். மானிட்டர் "நோ சிக்னல்"னு சொன்னா முதல்ல அதோட சோர்ஸ் பட்டனைப் பாருங்க. விஜிஏ-வில வெச்சுட்டு எச்டிஎம்ஐ-யில தேடினா எப்படி வரும்?

கேபிள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உஷார். லேப்ல இருக்கிற பழைய மானிட்டர்ல பெரும்பாலும் நீல நிற விஜிஏ ஓட்டைதான் இருக்கும், 15 பின். நம்ம லேப்டாப்ல எச்டிஎம்ஐ. அது டிஜிட்டல், இது அனலாக். ரெண்டு முனையையும் சும்மா வயரால இணைச்ச கேபிள் வாங்கினா வேலை செய்யாது. உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர் வேணும். அரைக் கிலோ மக்ரூன் வாங்குற காசுக்குள்ள வந்திரும், பயப்படாதீங்க. அதே மாதிரி டைப்-சி ஓட்டை இருந்தா எல்லாத்திலயும் வீடியோ வரும்னு நம்பாதீங்க. பல லேப்டாப்ல அது சார்ஜுக்கும் பென்டிரைவுக்கும் மட்டும்தான். உங்க மாடலோட விவரத்தில் டிஸ்ப்ளேபோர்ட் அல்லது தண்டர்போல்ட்னு போட்டிருக்கான்னு பார்த்துட்டு அடாப்டர் வாங்குங்க.

செமினார் ஹாலுக்கும் இது பொருந்தும். ரிவ்யூ அன்னைக்கு டூப்ளிகேட்ல ப்ரொஜெக்ட் பண்ணா, "டேய் மாப்ள எங்கடா இருக்க"ன்னு வர்ற மெசேஜ் எச்ஓடி தலைக்கு மேல ஆறடி உயரத்தில் தெரியும். எக்ஸ்டெண்ட் போட்டா பவர்பாயின்ட்ல ப்ரசென்டர் வியூ வரும். ஸ்லைடு சுவரில, உங்க குறிப்பும் அடுத்த ஸ்லைடும் உங்க முன்னாடி மட்டும். இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கே மேடையில வாக்கியம் மறந்து போகும். தமிழ் மீடியத்தில் இருந்து வந்து, இங்கிலீஷ்ல பேசணும்னு வேர்க்க வேர்க்க நிற்கிற நண்பர்களுக்கு அந்தக் குறிப்பு எவ்வளவு தைரியம்னு யோசிச்சுப் பாருங்க. இதை ஃபர்ஸ்ட் இயர் லேப்ல முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருக்கணும். எனக்கு இது நாலாவது வருஷம், இன்னும் யாரும் சொல்லிக் கொடுக்கலை.

காலேஜ்கிட்ட கேட்கிறது பெரிய செலவு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல தொடங்கினது. 2025-26 பட்ஜெட்டில், ரெண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா கம்ப்யூட்டர் கையில வந்ததும் எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். லேப்டாப் எல்லார் கையிலயும் வர வர, லேப்ல இருக்கிற சிபியு-வோட மதிப்பு குறையும், மானிட்டரோட மதிப்பு கூடும். இதை யாரும் கணக்கில் எடுத்த மாதிரி தெரியலை.

லைப்ரரியில ஒரு மூலையில ஆறு மேஜை. ஒவ்வொண்ணுலயும் ஒரு மானிட்டர், ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ஒரு ப்ளக் பாயின்ட். சிபியு வேண்டாம். நாம லேப்டாப்பைக் கொண்டு வந்து செருகுவோம், வேலை முடிஞ்சா உருவிட்டுப் போவோம். இதுக்குப் புது மானிட்டர் கூட வேண்டாம். ஸ்டோர் ரூம்ல கழிச்சுக் கட்டின அந்தச் சதுர மானிட்டர்கள் போதும், 1280-க்கு 1024. படம் பார்க்க லாயக்கில்லை, பிடிஎஃப் படிக்க அருமை. இப்போ அதெல்லாம் ஸ்க்ராப் ஏலத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு. நம்ம ஊர் உப்புக்காத்துல சும்மா கிடக்கிற பின்னெல்லாம் எவ்வளவு சீக்கிரம் பச்சை பூக்கும்னு உங்களுக்கே தெரியும். 2023 ஏப்ரல்ல இருந்து அமலில் இருக்கிற மின்கழிவு விதிகள் பழையதைப் புதுப்பிச்சுப் பயன்படுத்துறதுக்கும் இடம் கொடுக்குது. கழிவாகிறதுக்கு முன்னாடியே நாம பயன்படுத்தினா அந்த விதிப் பக்கமே போக வேண்டாம்.

"பசங்க படம்தான் பார்ப்பாங்க"ன்னு ஒரு பேராசிரியர் சொன்னார். பார்ப்போம் சார், பொய் சொல்லலை. ஐபிஎல் சமயத்தில் ஸ்கோர் ஒரு ஓரத்தில் ஓடத்தான் செய்யும். ஆனா படம் பார்க்க எங்களுக்கு உங்க மானிட்டர் தேவையே இல்லை, அதுக்குப் போன் போதும். ஏ4 தாளுக்குத்தான் போன் போதலை. கரன்ட் பில்லைச் சொல்றவங்களுக்கு: 20 வாட் இழுக்கிற எல்இடி மானிட்டர் தினம் 5 மணி நேரம் எரிஞ்சா மாசத்துக்கு 3 யூனிட். ஹாஸ்டல்ல திருட்டுத்தனமா ஓடுற கெட்டிலை முதல்ல பிடிங்க.

ப்ளேஸ்மென்ட் சீசன்ல இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கேமரா வெச்சுக் கண்காணிக்கிற ஆன்லைன் டெஸ்ட் பலவற்றில் ரெண்டாவது ஸ்க்ரீன் இருந்தாலே காப்பி அடிக்கிறதா எடுத்துக்குவாங்க. மானிட்டரை ஆஃப் பண்ணா போதாது, கேபிளையே உருவிட்டு டெஸ்ட்ல உட்காருங்க.

லைப்ரரிக்கான அந்த ஆறு மேஜை கோரிக்கையை ஒரு பக்கக் கடிதமா அடிச்சு வெச்சிருக்கேன். எல்லா டிபார்ட்மென்ட் ரெப்பும் கையெழுத்துப் போட்டா இந்த செமஸ்டருக்குள்ள பிரின்சிபல் மேஜைக்குப் போயிரும். முதல் கன்வெர்ட்டரை நான் வாங்கித் தர்றேன்.